‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாத ‘பின்’

யாங்கோன் நகரின் நடுப்பகுதித் தெருக்களில் நடந்தால், அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளிலிருந்து தெருவரைக்கும் கயிறுகள் தொங்குவதைப் பார்க்கலாம். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் இங்கே நிறைய. ஆறாம் மாடியில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் படியிறங்கி ஏற முடியுமா? அதனால் கயிற்றின் மேல்முனையில் ஒரு சிறிய மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். வந்தவர் கீழே நின்று கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டுச் சாவி, செய்தித்தாள், காலை மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) பொட்டலம் எல்லாம் அந்தக் கயிற்றில்தான் ஏறும், இறங்கும்.

அனோரத்தா சாலைக் காளி கோயிலிலிருந்து சற்று தூரத்தில் என் அத்தையின் வீடு இருக்கிறது. அங்கும் அப்படி ஒரு கயிறு உண்டு. அத்தைக்கு இப்போது காது மந்தமாகிவிட்டதால் மணி கேட்பதில்லை. அதனால் அவருடைய மகன் வழிப் பேரன் ஓர் ஏற்பாடு செய்தான். கீழ்வாசலில் ஒரு பட்டன். படிக்கட்டு வழியாக ஏறத்தாழ 20 மீட்டர் ஒயர். மேலே ஒரு ராஸ்பெரி பை 4 போர்டு, அதாவது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு சிறிய கணினி. ஒயர் சேர்வது அதன் ‘பின்’ எனப்படும் உலோக ஊசி ஒன்றில். பட்டனை அழுத்தினால் அத்தையின் நாற்காலிக்கு எதிரே விளக்கு மின்னும். போர்டு பேட்டரியோடு இணைந்திருப்பதால் மின்வெட்டிலும் வேலை செய்யும். நல்ல யோசனை, நல்ல மனம். ஆனால் இரண்டாம் நாளே எனக்குத் தொலைபேசி வந்தது.

“மாமா, யாருமே அழுத்தவில்லை, விளக்கு தானாக மின்னுகிறது. பின் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது.”

பக்கத்திலிருந்து அத்தையின் குரல்: “மின்சாரம் போய்விட்டால் சும்மா இருக்கிறது. வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிடுகிறது.”

அத்தைக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குள் பழுதின் பாதி விடை இருந்தது. அது எப்படி என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. ராஸ்பெரி பை, பீகிள்போன் பிளாக் போன்ற லினக்ஸ் போர்டுகளை முதன்முறையாகக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உள்ளீட்டுப் பின் தவறாகப் படித்தால் உடனே அது ‘கெட்டுப்போய்விட்டது’ என்று முடிவு கட்டுவது வழக்கம். நான் பார்த்தவரை உண்மையிலேயே கெட்டுப்போன பின்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் பின் சரியாகத்தான் இருக்கும். அதற்கு நாம் கொடுத்த ஏற்பாட்டில்தான் குறை இருக்கும்.

உள்ளீட்டுப் பின் என்ன செய்கிறது?

அதன் வேலை ஒன்றே ஒன்று. தன் மீது இருக்கும் மின்னழுத்தத்தைப் பார்த்து 0 அல்லது 1 என்று சொல்ல வேண்டும். ராஸ்பெரி பை 4 போர்டில் 0.8 வோல்ட் வரை இருந்தால் 0 என்பது உறுதி. 2 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் 1 என்பது உறுதி. மேல் எல்லை 3.3 வோல்ட். இடையில், அதாவது 0.8க்கும் 2க்கும் நடுவில் இருந்தால்? அப்போதும் பின் ஏதோ ஒரு பதிலைச் சொல்லும். 0 என்றும் சொல்லலாம், 1 என்றும் சொல்லலாம். அடுத்த நொடி மாற்றியும் சொல்லலாம். ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் மட்டும் அதனிடம் கிடையாது.

உள்ளீட்டுப் பின் தொடர்பான பழுதுகளில் பல இந்த ஒரு குணத்திலிருந்து பிறக்கின்றன. எதனோடும் இணைக்காமல் வெறுமனே விட்ட பின்னும் உங்களுக்கு ஓர் எண்ணைத் தரும். நிரல் அதை நம்பும். விளக்கு மின்னும்.

பட்டனை நினைத்துப் பாருங்கள். அழுத்தினால் பின்னும் கிரவுண்டும் (போர்டின் 0 வோல்ட் முனை) சேர்கின்றன, மின்னழுத்தம் 0. சரி. கையை எடுத்தால்? ஒயர் எதனோடும் சேரவில்லை. ‘சேராமல் இருப்பது’ என்பது 3.3 வோல்ட் அல்ல, 0 வோல்ட்டும் அல்ல. அது அந்தரத்தில் தொங்குவது. உள்ளீட்டுப் பின்னுக்குள் பாயும் மின்னோட்டம் மிக மிக அற்பமானது என்பதால், பக்கத்தில் போகும் மின்கம்பியின் தாக்கம், உங்கள் விரலின் நெருக்கம், ஈரக்காற்று என எதுவும் அதை அசைத்துவிடும். மழைக்காலக் காற்றில் தெருக்கயிறு ஆடி, யாரும் இழுக்காமலே மணி அடிப்பதும் இதுவும் ஒன்றுதான்.

கயிற்றுக்கு அந்தக் காலத்திலேயே மருந்து கண்டிருந்தார், அத்தையின் கணவரான காலஞ்சென்ற மாமா. கயிற்றின் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். யாரும் தொடாதபோது அந்தப் பாரம் கயிற்றை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும். கை பட்டால் மட்டும் கயிறு நகரும். பின்னுக்கும் அப்படி ஒரு பாரம் வேண்டும். பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) போட்டால் அது புல்-அப்: யாரும் அழுத்தாதபோது பின்னை 1 பக்கம் பிடித்து வைக்கும். கிரவுண்டுக்குப் போட்டால் புல்-டவுன்: 0 பக்கம் பிடித்து வைக்கும். பட்டன் கிரவுண்டுக்குப் போகிறதென்றால் புல்-அப் வேண்டும், பட்டன் 3.3 வோல்ட்டுக்குப் போகிறதென்றால் புல்-டவுன் வேண்டும். இதை மாற்றிப் போட்டால் பட்டன் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே எண்தான் வரும்.

ஒரு சிறிய குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். புல்-அப் போட்ட பட்டனில், அழுத்தினால் 0, விட்டால் 1. தலைகீழாகத் தோன்றும். அது பழுதல்ல. நிரலில் ‘0 வந்தால் அழுத்தியிருக்கிறார்கள்’ என்று எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ராஸ்பெரி பையின் சிப்புக்குள்ளேயே இந்த ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 50 கிலோ ஓம். மென்பொருள் வழியாக அவற்றை இயக்கலாம், அணைக்கலாம். போர்டு விழிக்கும்போது, உள்ளீடாகவோ வெளியீடாகவோ பயன்படும் ஜி.பி.ஐ.ஓ. பின்களில் 0 முதல் 8 வரை புல்-அப்பிலும், 9 முதல் 27 வரை புல்-டவுனிலும் இருக்கும். பேரன் எடுத்தது 17. அவன் எழுதிய பைத்தான் நிரலில் ‘17 உள்ளீடு’ என்று மட்டும் இருந்தது; புல் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் பயன்படுத்திய பழைய ஆர்.பி.ஐ. ஜி.பி.ஐ.ஓ. நூலகம் (ஆயத்த நிரல்தொகுப்பு), நாம் புல் பற்றி எதுவும் சொல்லாவிட்டால் அதை அணைத்துவிடும். ஆக 20 மீட்டர் ஒயர் பாரமில்லாத கயிறாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நிரலை ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்

பழுது பார்க்கும்போது நான் விடாப்பிடியாகச் சொல்வது இது. பின் தவறாகப் படிக்கிறது என்றால் முதலில் நிரலை நிறுத்துங்கள். நிரலையும் ஒயரையும் பின்னையும் ஒரே நேரத்தில் சந்தேகித்தால் இரவெல்லாம் உட்கார்ந்தாலும் முடிவு வராது. நீண்ட ஒயரையும் கழற்றுங்கள். கையில் பத்து சென்டிமீட்டர் ஒயர் ஒன்று போதும்.

இப்போது லினக்ஸிடமே கேளுங்கள். ராஸ்பெரி பையில் ‘பின்சிடிஆர்எல்’ என்றொரு கட்டளை இருக்கிறது. ‘பின்சிடிஆர்எல் கெட் 17’ என்று கேட்டால், அந்தப் பின் உள்ளீடா வெளியீடா, புல் எந்தப் பக்கம், இந்த நொடியில் மேலா கீழா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். (கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும், இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறேன்.) ‘ஐபி’ என்றால் உள்ளீடு, ‘ஓபி’ என்றால் வெளியீடு. ‘பியூ’ புல்-அப், ‘பிடி’ புல்-டவுன், ‘பிஎன்’ என்றால் இரண்டும் இல்லை. கடைசியில் வரும் ‘ஹை’ 1, ‘லோ’ 0. பேரனுடைய போர்டில் வந்தது ‘ஐபி, பிஎன்’. அந்த ‘பிஎன்’னைப் பார்த்ததும் பாதிக் கதை விளங்கிவிட்டது. பை 3, அதற்கு முந்திய மாடல்களில் புல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் திரும்பப் படிக்க முடியாது. அங்கே மல்டிமீட்டர்தான் சாட்சி.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையைப் பின்னிலும் வையுங்கள். புல்-அப் இயங்கினால் 3.3 வோல்ட்டை ஒட்டிய அளவு அசையாமல் நிற்கும். புல்-டவுன் என்றால் 0. எண் தள்ளாடினால், அல்லது விரலைக் கிட்டே கொண்டுபோனதும் மாறினால், பின் அந்தரத்தில் இருக்கிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. சாதாரண டிஜிட்டல் மீட்டரே ஏறத்தாழ 10 மெகா ஓம் ரெசிஸ்டர் போலத்தான். அந்தரத்தில் தொங்கும் பின்னில் மீட்டரை வைத்தால் மீட்டரே அதற்குப் பாரமாகிவிடும். பழுது சட்டென்று மறையும். மீட்டர் வைத்தால் சரியாகிறது, எடுத்தால் கெடுகிறது என்றால் பின்னை அந்தரத்தில் விட்டிருக்கிறீர்கள் என்று தைரியமாக முடிவு செய்யலாம்.

அடுத்து, புல்-அப்பை இயக்கிவிட்டு, அந்தச் சிறிய ஒயரால் பின்னைக் கிரவுண்டோடு தொட்டுவிட்டு மறுபடி ‘கெட்’ கேளுங்கள். தொட்டால் ‘லோ’, விட்டால் ‘ஹை’ என்று மாறினால் பின் நலமாக இருக்கிறது. இதற்குமேல் பின்னைச் சந்தேகிக்க வேண்டாம்.

எந்தப் பதினேழு?

தொட்டும் மாறவில்லையா? தவறான பின்னைத் தொட்டிருக்கலாம். ராஸ்பெரி பையில் ஒரே ஊசிக்கு இரண்டு எண்கள். போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் 40 ஊசிகளை 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு வருவது ஒரு முறை. சிப் தயாரிப்பாளர் வைத்த ஜி.பி.ஐ.ஓ. எண் இன்னொரு முறை. ஜி.பி.ஐ.ஓ. 17 என்பது ஊசி வரிசையில் 11 ஆவது. ஊசி வரிசையில் 17 ஆவது என்ன தெரியுமா? 3.3 வோல்ட் மின்வழங்கல்! அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பட்டனைப் போட்டு அழுத்தினால் நேரடி ஷார்ட். ‘பட்டன் அழுத்தினால் போர்டு அணைந்து எழுகிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். போர்டே சேதமாகக்கூடிய தவறு இது. ஒயர் மாட்டுவதற்கு முன் படத்தை இரண்டு தடவை பார்ப்பதில் வெட்கமில்லை.

மூன்றாவதாக ஓர் எண்ணும் இருந்தது. லினக்ஸின் பழைய ‘சிஸ்-எஃப்-எஸ்’ முறையில் கோப்பில் எண்ணை எழுதிப் பின்னைத் திறப்பார்கள். 2016இல் வந்த கர்னல் (லினக்ஸின் உட்கரு) 4.8இலிருந்தே அந்த முறை கைவிடப்பட வேண்டியது என்று ஒதுக்கப்பட்டது. ஆனாலும் பழைய பாடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கர்னல் 6.6இல் ராஸ்பெரி பை 4இன் பின்களுக்கு அந்த முறையில் எண்கள் 512இலிருந்து தொடங்கிவிட்டன. நேற்றுவரை 17 என்று எழுதி வேலை செய்தது, புதுப்பித்தபின் 529 என்று எழுதினால்தான் திறக்கும். பின்னுக்கு எதுவும் ஆகவில்லை, முகவரிதான் மாறியது. புதிதாகக் கற்பவர்கள் இந்த முறைக்குள் போகவே வேண்டாம். ‘ஜிபிஐஓஇன்ஃபோ’, ‘ஜிபிஐஓகெட்’, ‘ஜிபிஐஓமான்’ ஆகிய கட்டளைகளைப் பழகிக்கொள்ளுங்கள். அதேபோல 2023இல் வந்த பை 5இல் பின்களைக் கவனிக்கும் சிப்பே வேறு. பேரன் பயன்படுத்திய அந்தப் பழைய பைத்தான் நூலகம் அதில் இயங்காது.

ஒரே பின்னுக்குப் பல வேலை

சிப்புக்குள் இருக்கும் வசதிகளுக்கெல்லாம் தனித்தனிப் பின் கொடுக்க இடம் போதாது. அதனால் ஒரே பின் பல வேடம் போடும். எந்த வேடம் என்பதை மென்பொருள் தீர்மானிக்கும். இதைப் பின் மக்ஸ் என்கிறார்கள். நீங்கள் உள்ளீடு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பின்னை லினக்ஸ் வேறு வேலைக்கு அனுப்பியிருக்கலாம். 14, 15 சீரியல் தொடர்புக்கு. 7 முதல் 11 வரை எஸ்.பி.ஐ. என்ற சிப்புத் தொடர்புக்கு. வெப்பமானியை இணைக்கும் ஒன்-ஒயர் வசதியைத் திறந்தால் அது 4ஐ எடுத்துக்கொள்ளும். ‘ஜிபிஐஓஇன்ஃபோ’ கேட்டால் எந்தப் பின்னை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். ‘சாதனம் வேறு பணியில் இருக்கிறது’ என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தால், பெரும்பாலும் நீங்களே முன்பு ஓடவிட்ட நிரல் இன்னும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜி.பி.ஐ.ஓ. 2, 3 இரண்டிலும் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. ஐ-ஸ்கொயர்-சி என்ற சிப்புத் தொடர்புக்காக அந்த இரண்டுக்கும் போர்டிலேயே 1.8 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரைப் பற்றவைத்திருக்கிறார்கள். மென்பொருளில் ‘புல்-டவுன்’ என்று நீங்கள் எவ்வளவு கேட்டாலும், உள்ளே இருக்கும் 50 கிலோ ஓம் வெளியே இருக்கும் 1.8 கிலோ ஓமோடு இழுபறிப் போட்டியில் ஜெயிக்காது. கணக்குப் போட்டால் பின் 3.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், எப்போதும் 1தான். பட்டனுக்கு வேறு பின்னை எடுத்துக்கொள்வது நல்லது.

2013இல் வந்த பீகிள்போன் பிளாக் போர்டில் இந்த விஷயம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். கற்றுக்கொள்ள அது நல்ல போர்டு என்பது என் கருத்து. அதில் பி8, பி9 என்று தலா 46 துளைகள் கொண்ட இரண்டு ஹெடர்கள் (ஒயர் செருகும் வரிசைகள்). பி8இல் 27 முதல் 46 வரை ஹெச்.டி.எம்.ஐ. காட்சிக்கும், 3 முதல் 6, 20 முதல் 25 வரை போர்டிலுள்ள சேமிப்புச் சிப்புக்கும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தெரியாமல் அவற்றில் பட்டனை மாட்டிவிட்டுப் பலர் தவிப்பார்கள்.

அதன் ஒவ்வொரு பின்னுக்கும் சிப்புக்குள் ஒரு கட்டுப்பாட்டுப் பதிவேடு இருக்கிறது. அதன் பிட்டுகளை 0இலிருந்து எண்ணுவோம். கடைசி மூன்று பிட்டுகள், அதாவது 0, 1, 2, பின் எந்த வேடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். 7 என்றால் ஜி.பி.ஐ.ஓ. 3 ஆவது பிட், புல் உண்டா இல்லையா. 0 என்றால் உண்டு. 4 ஆவது பிட், புல் மேலேயா கீழேயா. 5 ஆவது பிட், உள்ளீட்டு வாங்கி (பின்னின் நிலையை உள்ளே படிக்கும் சுற்று) திறந்திருக்கிறதா. இவை சேர்ந்தால் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில் 37 என்பது ‘ஜி.பி.ஐ.ஓ., புல்-அப், வாங்கி திறப்பு’. 27 என்பது அதுவே புல்-டவுனோடு. 2எஃப் என்பது புல் இல்லாமல்.

37க்குப் பதிலாக 17 என்று தட்டிவிட்டால்? ஒரே ஒரு பிட் போகும், வாங்கி மூடிக்கொள்ளும். புல்-அப் இயங்கும். மீட்டரை வைத்தால் பின்னில் அழகாக 3.3 வோல்ட் காட்டும். லினக்ஸ் மட்டும் 0, 0, 0 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டு வாசலில் தபால்காரர் தட்டுகிறார், உள்ளே இருப்பவர் காதில் பஞ்சு வைத்திருக்கிறார் என்ற நிலை. மீட்டர் ஒன்று சொல்லி, லினக்ஸ் வேறொன்று சொன்னால், ஒயரை விட்டுவிட்டு இந்த ஒரு பிட்டைத் தேடுங்கள். ‘கான்ஃபிக்-பின்’ கட்டளை இருக்கும் டெபியன் லினக்ஸ் பதிப்பில் கையால் பிட் எண்ண வேண்டியதில்லை. பின்னின் பெயரோடு ‘ஜிபிஐஓ_பியூ’ என்று கொடுத்தால் அதுவே சரியாக அமைத்துவிடும். டிவைஸ் ட்ரீ கோப்பில் (போர்டின் வன்பொருள் அமைப்பை லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) கையால் எழுதுபவர்கள்தான் இந்த 37, 17 குழியில் விழுவார்கள்.

படிக்கட்டு ஒயர்

பேரன் நிரலில் புல்-அப் என்று சேர்த்தான். மேசைமேல் சிறிய ஒயரோடு சோதித்தபோது ஒரு தவறும் இல்லை. மகிழ்ச்சியோடு 20 மீட்டர் ஒயரை மறுபடி மாட்டினான். விளக்கு மறுபடி தானாக மின்னியது. முன்பைவிடக் குறைவு, ஆனாலும் மின்னியது.

அன்று மாலை நான் நேரில் போனேன். ‘ஜிபிஐஓமான்’ கட்டளையை ஓடவிட்டோம்; அது பின் மாறும் ஒவ்வொரு தடவையையும் நேரத்தோடு எழுதும். திரையில் வரிகள் ஓடின. 1இலிருந்து 0க்கு ஒரு கீழ்விழுகைக்கும் அடுத்த கீழ்விழுகைக்கும் இடையே கழித்துப் பார்த்தோம்: 20 மில்லிநொடி. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் 20. நொடிக்கு 50 தடவை. மியான்மரின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். படிக்கட்டுச் சுவரில் கட்டடத்தின் மின்கம்பிகள் கற்றையாக ஏறுகின்றன; அதே ஆணிகளில் பேரனும் தன் ஒயரைக் கட்டியிருந்தான். மின்கம்பியின் அலை தொடாமலே நம் ஒயரில் ஏறிக்கொண்டிருந்தது. ‘மின்சாரம் போனால் சும்மா இருக்கிறது’ என்று அத்தை சொன்னது இதைத்தான்.

உள்ளே இருக்கும் 50 கிலோ ஓம் புல்-அப், மேசைமேல் இருக்கும் பட்டனுக்குப் போதும். இத்தனை நீள ஒயருக்கு அது மிக இலேசான பாரம்; நட்டுக்குப் பதில் ஒரு பாசிமணியைக் கட்டியது போல. வெளியே ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் புல்-அப்பாகப் போட்டோம். அதே அலை இப்போது 20 மடங்குக்கு மேல் வலுவான பிடியை எதிர்க்க வேண்டும். அழுத்தும்போது இதன் வழியாகப் போகும் மின்னோட்டம் 1.5 மில்லியாம்பியர்தான், போர்டுக்கு அது ஒன்றும் இல்லை. ஒயரையும் மாற்றினோம். லேன் கேபிளில் முறுக்கிய ஜோடி ஒன்றை எடுத்து, ஒன்று பட்டனுக்கு, கூட முறுக்கிய மற்றது கிரவுண்டுக்கு. மின்கம்பிகள் ஏறும் சுவரை விட்டு எதிர்ச்சுவரில் கொண்டுபோனோம்.

இங்கே ஒரு நுணுக்கம். பாதுகாப்புக்காக ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போடுவது நல்ல பழக்கம். பின்னைத் தவறுதலாக வெளியீடாக்கிவிட்டாலும் மின்னோட்டம் 3.3 மில்லியாம்பியரைத் தாண்டாது. ஆனால் அதை எங்கே போடுவது? பேரன் அதைப் பட்டனோடு வரிசையில் போட்டான். பட்டனை அழுத்தியபோது பின்னில் மீட்டர் காட்டியது 1.03 வோல்ட். 0.8க்கு மேல், 2க்குக் கீழ்! 2.2ம் 1ம் சேர்ந்து 3.3 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. விளக்கு சில தடவை மின்னியது, சில தடவை மின்னவில்லை. சரியான இடம் இது: புல்-அப்பும் கேபிளும் சேரும் முடிச்சுக்கும் பின்னுக்கும் நடுவில். அங்கே போட்டால் முடிச்சு முழுதாக 0க்கு இறங்கும். பின்னுக்குள் மின்னோட்டம் அற்பம் என்பதால் 1 கிலோ ஓமில் இழப்பும் இல்லை. இடத்தை மாற்றினோம், மீட்டர் 0 காட்டியது.

பட்டனின் உலோகத் தகடு அழுத்தும்போது சில மில்லிநொடி துள்ளும். ஓர் அழுத்தம் ஐந்தாறாகப் பதிவாகும். நிரலில் 30 மில்லிநொடி பொறுத்துப் பார்க்கச் சொன்னால் தீரும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. போர்டை மறுபடி இயக்கும்போதெல்லாம் விளக்கு ஒருமுறை மின்னியது. 17 விழிக்கும்போது புல்-டவுனில் விழிக்கும் என்று முன்பே சொன்னேன். நிரல் எழுந்து அதைப் புல்-அப்பாக மாற்றி உடனே படித்தால், நீண்ட ஒயர் இன்னும் மேலே ஏறி முடிந்திருக்காது. நிரல் 0 என்று படித்துவிடும். நிரம்பாத தண்ணீர்த் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்பது போல. வெளிப்புற 2.2 கிலோ ஓம் போட்டபின் இது பெரும்பாலும் தானே தீர்ந்தது. ஆனாலும் பூட் பகுதியில் உள்ள கான்ஃபிக் உரைக்கோப்பில் ‘ஜிபிஐஓ=17=ஐபி,பியூ’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டோம். லினக்ஸ் எழுவதற்கு முன்பே பின் தன் இடத்தில் நிற்கும்.

அத்தை அப்போது ஒரு கேள்வி கேட்டார்: “இதே பெட்டி, மின்சாரம் வந்துவிட்டதா என்றும் சொல்லுமா? தண்ணீர் மோட்டார் போட வேண்டும்.” நியாயமான தேவை. மின்சாரம் வரும் நேரம் பார்த்து மேல்தொட்டியை நிரப்பினால்தான் ஆறாம் மாடியில் தண்ணீர்.

சொல்லும். ஆனால் 230 வோல்ட் கம்பியைப் போர்டின் பக்கத்தில்கூடக் கொண்டுவரக் கூடாது. பழைய ஃபோன் சார்ஜர் ஒன்றைச் சுவர்ப் பிளக்கில் மாட்டினால் மின்சாரம் இருக்கும்போது 5 வோல்ட் தரும். அந்த 5 வோல்ட்டையும் நேராகப் பின்னுக்குக் கொடுக்கக் கூடாது. இந்தப் போர்டுகளின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இங்கேதான் பின் உண்மையிலேயே கெட்டுப்போகும். சார்ஜரின் பாசிட்டிவிலிருந்து பின்னுக்கு 10 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோ ஓம். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 3.3 வோல்ட், பின்னுக்குக் கிடைக்கும். மின்சாரம் போனதும் அந்த 20 கிலோ ஓமே புல்-டவுனாக நின்று பின்னை 0இல் பிடித்துக்கொள்ளும், அந்தரத்தில் தொங்காது. சார்ஜரின் நெகட்டிவ் முனை போர்டின் கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். கிரவுண்ட் சேராவிட்டால் 3.3 வோல்ட் என்பது எதிலிருந்து அளந்த 3.3 என்றே பொருளில்லாமல் போய்விடும்.

27ஐ அதற்கு எடுத்துக்கொண்டோம். ஊசி வரிசையில் 13 ஆவது, 17க்கு அடுத்தது. பேரன் இந்தத் தடவை படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ஒயரைச் செருகினான்.

இரவு ‘ஜிபிஐஓமான்’ ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை பேரன் திரையைப் படம் எடுத்து அனுப்பினான். இரவில் இரண்டு தடவை மின்சாரம் போய் வந்ததை 27 பதிவு செய்திருந்தது. 17இல் இரவு முழுவதும் ஒரு வரியும் இல்லை. காலை ஆறரை மணிக்கு ஒரே ஓர் அழுத்தம். மொகிங்காக்காரர் வந்திருக்கிறார்.